ஒரே கார், ஒரே உயரம், 15,200 ரூபாய் வித்தியாசம்: பெரிய வீலுக்கு டயர் மாற்றும் முன்

கடிதத்தின் சுருக்கம்

திண்டுக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஓர் ஆசிரியை. 2018 மாடல் ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ் (இந்த மாடலின் டாப் வகை) காரை 2022 கடைசியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். இதுவரை 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது மாதம் சுமார் 1,400 கி.மீ. ஓட்டுகிறார். மகன் படிப்பு முடியும்வரை, அதாவது இன்னும் ஐந்து ஆண்டு, இந்தக் காரை வைத்திருக்க நினைக்கிறார்.

போன மாதம் இரவில் ஒரு சர்வீஸ் ரோட்டில் உடைந்த தார் விளிம்பில் கார் இறங்கி ஏறியது. மறுநாள் பார்த்தால் முன் இடது டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். டயர் கடையில் “நான்கையும் மாற்றணும்” என்றிருக்கிறார்கள். 185/55 ஆர்16 அளவு ஒன்று 9,200 ரூபாய், நான்குக்கு 36,800. அலைன்மென்ட், பேலன்சிங், வால்வு, நைட்ரஜன், ரிம் பாலிஷ் எல்லாம் சேர்த்து மேலே 3,000. அதே வாரம், அதே கடையில், அவர் தம்பி இதே மாடலின் ‘வி’ வகைக் காருக்கு நான்கு டயர் போட்டார். அது 175/65 ஆர்15, ஒன்று 5,400 வீதம் 21,600 ரூபாய்.

“ஒரே கார்தானே? என்னை ஏமாற்றுகிறார்களா?” என்று கேட்கிறார் வாசகி. தம்பியைப் போல 15 அங்குலத்துக்கு இறங்கலாமா, சட்டப் பிரச்சினை வருமா என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர் மாற்றாகச் சொன்ன 195/55 ஆர்16 (ஒன்று 7,200) போடலாமா, மதுரையில் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய டயர் பரவாயில்லையா, வீங்கிய டயருக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா என்பவை மற்றவை. டயர்களின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். பின் டயர் இரண்டிலும் 3218 என்றும், முன் டயர் இரண்டிலும் 1422 என்றும் இருக்கிறது. முன் வலது டயரில் தரையைத் தொடும் ரப்பரின் வரிப் பள்ளம் 3.8 மி.மீ. ஆழத்துக்கு மிச்சம். ஸ்டெப்னி 175/65 ஆர்15, ஸ்டீல் ரிம்.

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. அந்த வீங்கிய டயரைக் கழற்றிவிடுங்கள். “பின்னால மாத்திப் போட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது” என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பக்கச் சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன. உள்ளே இருக்கும் காற்றை அந்த இடத்தில் இப்போது தாங்கி நிற்பது வெறும் ரப்பர்தான். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறும்போது அது வெடிக்கும். பின் டயர் வெடித்தால் காரின் பின்பகுதி சுழலும். முன் டயர் வெடிப்பதைவிட அதைச் சமாளிப்பது கடினம். ஸ்டெப்னியில் காற்றடித்து மாட்டுங்கள். அதுவும் கார் வயதுள்ள ரப்பர்தான் என்பதால் ஊருக்குள், மெதுவாக, டயர் வாங்கும்வரை மட்டும். ஸ்டெப்னியை மாட்டும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை

நான்கு டயர் என்றதும் உங்களுக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். ஆனால் உங்கள் படங்கள் கடைக்காரர் பக்கம் சாட்சி சொல்கின்றன. பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். காருடனே வந்த டயர்கள் அவை. ஏழு ஆண்டு தாண்டிய ரப்பர், பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும், நம் ஊர் வெயிலில் இறுகிப்போயிருக்கும். மழைத் தரையில் பிடிக்காது. அந்த இரண்டும் எப்படியும் போக வேண்டியவை. முன் இடது வீங்கிவிட்டது. மிச்சம் முன் வலது ஒன்றுதான். அதற்கு ஜோடியாகப் புது டயர் ஒன்று வாங்கிப் போட்டால், ஒரு பக்கம் 8 மி.மீ. அளவுக்குப் பள்ளம், மறுபக்கம் 3.8. முன் சக்கரம் இழுக்கும் காரில், ஒரே அச்சில், இப்படி இருந்தால் ஈரத்தில் பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே நான்கு என்றது சரி. ஏன் என்று அவர் விளக்காததுதான் குறை.

இதே கேள்வியுடன் வேறு யாராவது இதைப் படித்தால் ஒரு குறிப்பு. மற்ற மூன்றும் நான்கு ஆண்டுக்குள், 5 மி.மீ.க்கு மேல் பள்ளத்தோடு இருந்திருந்தால் இரண்டு மட்டும் மாற்றியிருக்கலாம். அப்போது புதுசு இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போடுவதுதான் பலருக்கும் வழக்கம், தவறான வழக்கம். தேங்கிய மழைநீரில் முன் டயர் மிதந்தால் ஸ்டீயரிங் கனம் குறைந்து நமக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரியாகிவிடும். பின் டயர் மிதந்தால் தெரியும்போது கார் சுழன்றிருக்கும்.

பெரிய வீல் என்றால் அதிக ரப்பரா?

“பெரிய டயர், அதனால் அதிக விலை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டயர் பெரியதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/55 ஆர்16 என்பதில் 185 அகலம் மி.மீ.யில், 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 16 ரிம்மின் குறுக்களவு அங்குலத்தில். பக்கச் சுவர் 102 மி.மீ. வருகிறது. மேலும் கீழும் அதைச் சேர்த்து, ரிம்மின் 406 மி.மீ.யையும் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 610 மி.மீ. தம்பியின் 175/65 ஆர்15-க்குப் பக்கச் சுவர் 114 மி.மீ., மொத்த உயரம் சுமார் 608.5. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.கூட இல்லை. வெளி உயரம் மாறாமல் ரிம் வளர்ந்திருக்கிறது, அந்த அளவுக்கு ரப்பர் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே.

இது உங்கள் காருக்கு மட்டும் உரியதல்ல. ஸ்விஃப்டில் 165/80 ஆர்14-உம் 185/65 ஆர்15-உம், பலேனோவில் 185/65 ஆர்15-உம் 195/55 ஆர்16-உம், எக்ஸ்யூவி700-இல் 235/65 ஆர்17-உம் 235/60 ஆர்18-உம் இதே கணக்கில்தான் வருகின்றன. கீழ் வகையிலும் மேல் வகையிலும் டயரின் வெளி உயரம் ஏறக்குறைய ஒன்றே. மேல் வகை வாங்கும்போது நாம் சன்ரூஃபையும் திரையையும் பார்க்கிறோம். டயர் அளவை யாரும் பார்ப்பதில்லை. அதன் செலவு மூன்று, நான்கு ஆண்டு கழித்துத்தான் வந்து நிற்கிறது.

அப்படியானால் விலை ஏன் ஏறுகிறது? ரப்பரின் எடை முக்கியமே இல்லை. எத்தனை பேர் அந்த அளவை வாங்குகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி மோல்டு (வார்ப்பு அச்சு) வேண்டும். 15 அங்குல அளவுகள் பல கார்களுக்குப் போவதால் எல்லா நிறுவனமும் போட்டி போட்டுச் செய்கிறது. 185/55 ஆர்16 நம் நாட்டில் மிகச் சில கார்களுக்கே போகிறது. செய்பவர்கள் குறைவு, கடையில் வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவு. முன்பு இப்படி அரிதான அளவுகள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்துகொண்டிருந்தன. 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியை உரிமம் இருந்தால்தான் என்று கட்டுப்படுத்தியது. அந்த வழியும் குறுகிவிட்டது. போதாததற்கு இந்த அளவு பெரும்பாலும் எச் அல்லது வி வேகக் குறியோடு (டயர் தாங்கும் உச்ச வேகம் மணிக்கு 210, 240 கி.மீ.) வருகிறது. 15 அங்குலத்தில் 190 கி.மீ.க்கான டி குறியே நிறையக் கிடைக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போக எது போதும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலையோடு நிற்பதும் இல்லை. சாலைப் பள்ளத்தின் விளிம்பில் டயர் இடிக்கும்போது பக்கச் சுவர் மடிந்து, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. நூலிழை அறுவது அந்த நொடியில்தான். 114 மி.மீ. சுவர் மடிந்து தாங்கிக்கொள்ளும் இடியை 102 மி.மீ. சுவர் தாங்காமல் போகலாம். காற்று குறைவாக இருந்தால் இன்னும் மோசம். ஓட்டுநர் கதவு திறக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் சொல்லியிருக்கும் அளவு, காலையில் டயர் சூடேறும் முன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருந்தாக வேண்டும். உங்கள் மாதிரி டயருக்கு இது அறிவுரையல்ல, பண விஷயம்.

15-க்கு இறங்குவது: கணக்கு

நீங்கள் எழுதிய விலைகளையே வைத்துக்கொள்கிறேன். புது ஸ்டீல் ரிம் ஒன்று 2,400. இதே மாடலின் ‘வி’ வகையிலிருந்து கழற்றிய பழைய 15 அங்குல அலாய் நான்கு 14,000. வெளிக் கம்பெனி புது அலாய் நான்கு 24,000. மாதம் 1,400 என்றால் ஐந்து ஆண்டில் 84,000 கி.மீ. ஒரு செட் 45,000 வரை உழைத்தால், இன்று ஒரு செட், நடுவில் இன்னொரு செட், மொத்தம் இரண்டு.

16 அங்குலத்திலேயே இருந்தால் இரண்டு செட்டுக்கு 73,600.

புது வெளி அலாய் வாங்கி 15-க்குப் போனால் இன்று 45,600, பிறகு 21,600, ஆக 67,200. ஐந்து ஆண்டில் மிச்சம் வெறும் 6,400. இதற்காக மெனக்கெட வேண்டாம்.

‘வி’ வகையிலிருந்து கழற்றிய பழைய கம்பெனி அலாய் (ஹோண்டாவின் சொந்த ரிம்) என்றால் இன்று 35,600, பிறகு 21,600, ஆக 57,200. மிச்சம் 16,400.

ஸ்டீல் ரிம் என்றால் உங்களுக்கு நான்கு தேவையில்லை, மூன்று போதும். நான்காவது உங்கள் ஸ்டெப்னியில் இருக்கிறது. அதில் புது டயரைப் போட்டு ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் செய்த முன் வலது டயர் நல்ல நிலையில் இருக்கிறதல்லவா, அது அதன் அலாயோடு அப்படியே ஸ்டெப்னி ஆகட்டும். உயரம் ஒன்றே என்பதால் அவசரத்துக்கு ஓட்டலாம். டிக்கிக் குழியில் உட்காருகிறதா என்று மட்டும் கடையிலேயே வைத்துப் பாருங்கள். மூன்று ரிம் 7,200, டயர் 21,600, ஆக இன்று 28,800. அடுத்த செட்டோடு 50,400. மிச்சம் 23,200. வீல் கப் வேண்டுமென்றால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இது தவிர, அடுத்த முறை ஒரு டயர் வீங்கினாலோ கிழிந்தாலோ 9,200-க்குப் பதில் 5,400. டயர் வருவதற்கு மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

பொருந்துமா?

இங்கேதான் ஸ்டெப்னியை மாட்டச் சொன்னதன் இரண்டாவது பயன். ரிம் சிறிதாகும்போது முதல் சந்தேகம், உள்ளே பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இடிக்குமா என்பது. உங்கள் ஸ்டெப்னியே 15 அங்குலம். முன் சக்கரத்தில் மாட்டி, ஜாக்கியிலேயே கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசாமல் சுற்றினால், அதே வகை ஸ்டீல் ரிம்முக்குக் கேள்வி முடிந்தது. அலாய் ரிம்மின் உள்வடிவம் வேறு என்பதால் அதை வாங்கும் முன் தனியாக ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும்.

ரிம் வாங்கும்போது கேட்க வேண்டியவை: நான்கு நட், 100 மி.மீ. பிசிடி (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு), நடுத்துளை 56.1 மி.மீ. வெளிக் கம்பெனி அலாயில் நடுத்துளை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் 80, 90-இல் ஸ்டீயரிங் நடுங்கும். பிறகு எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் தீராது. அடுத்தது நட். ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட் உட்காரும் இடம் கிண்ணம் போல உருண்டை. வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் முடுக்கினால் முடுக்கியது போலத்தான் தெரியும். உண்மையில் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஓடஓடக் கழலும். நான் கணக்கில் வெளி அலாயை ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கம்பெனி அலாய் வாங்குவதானால், பேலன்சிங் எந்திரத்தில் டயர் இல்லாமல் வெறும் ரிம்மைச் சுற்றச் சொல்லி உள்விளிம்பைப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் வளைந்திருக்கிறது. வளைவை அழுத்திச் சரிசெய்யலாம். விரிசலை வெல்டிங் வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து விற்பார்கள். அதைத் தொடவே வேண்டாம். உள்பக்கம் புதுப் பெயின்ட் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். இந்தச் சோதனையை, போன மாதம் பள்ளத்தில் இடித்த உங்கள் சொந்த முன் இடது ரிம்முக்கும் செய்யுங்கள்.

15 அங்குல டயரில் 84 என்ற சுமை எண் இருக்க வேண்டும். அது ஒரு டயருக்கு 500 கிலோ. உங்கள் இப்போதைய டயர் 83, அதாவது 487 கிலோ. இறங்குவதால் தாங்கும் திறன் குறைவதில்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். செய்த வாரம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள். வேகமாக விற்கும் அளவு என்பதால் கிடைக்கும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

“டயர் மாற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா” என்ற உங்கள் பயம் பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் 175/65 ஆர்15 இதே மாடலுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த அளவு, உங்கள் காரிலேயே ஸ்டெப்னியாக வந்த அளவு. சக்கர வளைவுக்கு வெளியே துருத்தும் அகல டயரோடு இதை ஒன்றாக வைக்க முடியாது.

இருந்தாலும் நாளை ஒரு விபத்து நடந்தால் உங்களிடம் கேள்வி கேட்கப்போவது சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர். அதனால் மூன்று வேலை செய்துவிடுங்கள். கார் கையேட்டில் டயர் அளவு பட்டியல் இருக்கும் பக்கத்தைப் படமெடுங்கள். அதில் இரண்டு அளவும் இருந்தால் உங்கள் பக்கம் பலம். “எனது இசட்எக்ஸ் காருக்கு இதே மாடலின் வி வகைக்குரிய 175/65 ஆர்15 டயரும் ரிம்மும் போடுகிறேன், பாலிசியில் ஆட்சேபம் உண்டா?” என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு மாற்றுங்கள். தொலைபேசியில் “ஓகே மேடம்” என்று சொல்வது பதில் ஆகாது. டயர் பில்லில் வண்டி எண் எழுதி வாங்குங்கள்.

195/55 ஆர்16 யோசனையையும் இங்கேயே பார்த்துவிடலாம். கடைக்காரர் சொன்னது பொறியியலில் தப்பில்லை. உங்கள் ரிம்மிலேயே உட்காரும். சுமை எண் 87. உயரம் 621 மி.மீ., அதாவது 1.8 சதவீதம் கூடுதல். மீட்டர் 100 காட்டினால் முன்பைவிட 1.8 கி.மீ. வேகமாகப் போவீர்கள். மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுபவை என்பதால் அது அதற்குள் அடங்கிவிடும். நான்குக்கு 28,800, ஸ்டீல் ரிம் வழிக்கும் இன்றைய செலவு அதேதான். ரிம் தேடி அலைய வேண்டாம். ஆனால் இந்த அளவு உங்கள் மாடலின் எந்த வகைக்கும் தயாரிப்பாளர் கொடுத்ததல்ல. சாலையில் நன்றாக ஓடும், காகிதத்தில் பலவீனம். இன்சூரன்ஸ் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அடுத்த செட்டில் மறுபடி 7,200 வீதம் கொடுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வீங்கிய டயருக்குப் பணம் வருமா என்றால், சாதாரண முழுக் காப்பீட்டில் வராது. டயர் மட்டும் கெட்டுப்போனால் பாலிசி பொறுப்பேற்காது. அதே இடியில் வண்டிக்கும் சேதம் இருந்தால்தான், மாற்றும் செலவில் அதிகபட்சம் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் காப்பீடு) எடுத்திருந்தால் கதை வேறு. பாலிசித் தாளைப் பாருங்கள். அதிலும் மிச்சமிருக்கும் பள்ளத்தைப் பொறுத்தே தொகை. டயர் கம்பெனி வாரண்டி செய்முறைக் குறைக்குத்தான். இடித்ததால் வந்த வீக்கத்தை மறுப்பார்கள். சில கம்பெனிகள் சில டயர்களுக்கு இடிக்கும் சேர்த்து வாரண்டி தருகின்றன. புது டயர் வாங்கும்போது, 300 ரூபாய் தள்ளுபடியைவிட இதைக் கேட்டு வாங்குவது உங்கள் சாலைக்கு லாபம். பில்லோடு கம்பெனி இணையதளத்தில் பதிவு செய்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை சிலவற்றில் உண்டு.

பில்லில் பார்க்க வேண்டியது

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உங்களுக்குத் தந்த மதிப்பீட்டுச் சீட்டில் வரி தனியாகக் காட்டப்படவில்லை. 9,200 என்பது பழைய விலைப்பட்டியலாக இருந்தால், புது வரியில் அது சுமார் 8,480 ஆக வேண்டும். நான்குக்கு ஏறக்குறைய 2,900 குறையும். இதை மட்டும் கேட்டுவிடுங்கள், எந்த அளவு வாங்கினாலும். வரி பிரித்த பில் தர மறுத்தாலோ பழைய வரியே போட்டாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த 3,000-இல் அலைன்மென்ட், பேலன்சிங், புது வால்வு மூன்றும் தேவை. நைட்ரஜன் தேவையில்லை, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ரிம் பாலிஷ் உங்கள் இஷ்டம்.

2,500 ரூபாய்ப் பழைய டயர் வேண்டாம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அதன் உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி ஆழம் காட்டுவதும் உண்டு. கண்டுபிடிக்க வழி: பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும்; அவை 1.6 மி.மீ. உயரம். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் சட்டப்படி அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மேடுகளே காணவில்லை என்றால் வெட்டியிருக்கிறார்கள்.

என் யோசனை

ஐந்து ஆண்டு வைத்திருப்பது உறுதி என்றால் 15-க்கு இறங்குங்கள். முதலில் இதே மாடலின் பழைய கம்பெனி அலாய் நல்ல நிலையில் கிடைக்கிறதா என்று பத்து நாள் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஸ்டீல். பணத்தை மட்டும் பார்த்தால் ஸ்டீல்தான் முந்துகிறது. ஆனால் டாப் மாடல் காருக்கு ஸ்டீல் ரிம்மா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு 6,800 ரூபாய் அந்தச் சுளிப்பின் விலை. கொடுப்பதும் விடுவதும் உங்கள் வீட்டு விஷயம். பழைய 16 அங்குல அலாய்களை விற்க அவசரப்படாதீர்கள். காரை விற்கும் நாளில் அவற்றோடு கொடுத்தால் இசட்எக்ஸ் விலை கிடைக்கும். படுக்கவைத்து, வெயில் படாமல் வையுங்கள்.

ஒன்றிரண்டு ஆண்டில் விற்கும் எண்ணம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு எல்லாம் தலைகீழ். அப்போது 16-லேயே நான்கு போட்டு, வரி குறைத்து வாங்கி, பேசாமல் ஓட்டுங்கள்.

மாட்டும் நாளில் கூடவே நில்லுங்கள். நட்டை ஏர் கன்னால் கடைசிவரை முடுக்க விடாதீர்கள். போல்ட் இழுபட்டு, வழியில் பஞ்சரானால் உங்களால் கழற்ற முடியாது. கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), 108 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக. முதல் 100 கி.மீ. ஓடியதும் அதே கடைக்குப் போய் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். புது ரிம்மில் நட் கொஞ்சம் உட்கார்ந்து தளர்வது வழக்கம்.